கோடு ஓடிய கல்

நேற்று பவானிபூரில் ராசிக்கல் கடை ஒன்றின் கண்ணாடிக்குள், பழுப்புக் கல்லில் பொன்னிறக் கோடு ஓடியதைப் பார்த்தேன். சட்டென்று எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அந்த வயதில் என் வழவழப்பான கல் டிராமில் தொலைந்துபோனது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. "சாய்ச்சா கோடு நகரும்பா" என்று அழுதேன். மறுநாள் மாலையே அப்பா இதுபோன்ற ஒரு கடைக்கு அழைத்துப்போனார்.

"கோன் ராஷி, கூக்கி?" என்ன ராசி பாப்பா என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.

ராசிக்கு இல்லை, விளையாடத்தான் என்று அப்பா வங்காளத்தில் விளக்கினார். பொருந்தாத கல் குழந்தைக்கு ஆகாதே என்று கடைக்காரர் தயங்கினார். மோதிரமாகப் போடமாட்டாள் என்று அப்பா உறுதி கொடுத்த பிறகே கற்கள் இருந்த தட்டை நீட்டினார். ஒவ்வொரு கல்லாக விளக்கடியில் சாய்த்தேன். ஒன்றில் கோடு ஓடியது.

"இதாம்பா, இதேதான்!"

அதன் பெயர் புலிக்கண் என்றார் கடைக்காரர்.

வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு தெருவிளக்கடியிலும் நின்று சாய்த்துப் பார்த்தேன்.

"போதும்டி, இந்த வெளக்குல நான் சாய்ச்சுப் பாக்கறேன்" என்று அப்பா கையை நீட்டினார்.