ஏழாவது விரிசல்

மார்ச் 12, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. நல்ல வெயில், மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசு பறந்துகொண்டிருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் பழைய மண்டிச் சுவரில் மொத்தம் இருபத்திரண்டு விரிசல்கள். ஏழாவதை முதலில் பூசினால் தனியாக இருநூறு ரூபாய் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் செல்வராஜ் வருகிறார். அதற்குள் அது மறைந்துவிட வேண்டும்.

அக்காள் மகன் சுரேஷ், தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறவன், பழைய வீடியோ கேம் மெஷின்களை வாங்கிப் பழுதுபார்த்துச் சேர்த்திருக்கிறான். பதினொன்று. அவற்றை வைக்கத்தான் இந்த மராமத்து. அதில் இரும்புக் குண்டைத் தட்டி ஆடும் பின்பால் உட்பட மூன்று, என்னிடம் துருப்பிடித்துக் கிடந்தவை. இதே கூடத்தில் ஒரு காலத்தில் எட்டணாவுக்கு ஓர் ஆட்டம் என்று நடத்தினேன். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வேலையா என்று அப்பா கேட்டார். முதல் மாத வசூலைப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

விரிசலில் பூசும் ஈரப் புட்டியின் வாசனையோடு ஈயம் பற்றவைக்கிற வாசனையும் வந்தது. சுரேஷ் பின்பாலைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே ஒரு கம்பியில் சின்ன எடை தொங்கும், அதைச் சுற்றி ஒரு வளையம். மெஷினை உலுக்கினால் எடை வளையத்தில் பட்டுச் சிவப்பு விளக்கு எரியும். ஆட்டம் அதோடு சரி. காசு திரும்பாது என்று போர்டு எழுதி மாட்டியிருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் அப்போது உலுக்க ஆள் வேண்டாம், தெரியுமா? சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடும், தட்டு உருளும். பர்ஸ்ட் என்போம். ஒரு நொடி காதுகொடுத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிடுவோம்.

செல்வராஜுக்கு அப்போது சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். பகலில் என்னிடம் வருவான். பின்பாலில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு மத்தியானம் கடைசிக் குண்டில் தன் பழைய எண்ணிக்கையையே தாண்டப்போகிற நேரம், தரை உதறியது. சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது, அதுதான் ஏழாவது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"மொதலாளி, நான் ஆட்டல. பூமி ஆடிச்சு. இன்னொரு குண்டு குடு."

போர்டைக் காட்டினேன். கெஞ்சினான். சுற்றி ஆட்கள் நின்றதால் எனக்கு வாய் நீண்டது.

"நான் இன்னா பண்றது? கீழ இருக்கறவன்தான ஆட்டினான். அவங்கிட்ட போய் வாங்கிக்க."

ஆறு பேர் சிரித்தார்கள். செல்வராஜும் சிரித்தான், அவனைச் சேர்த்தால் ஏழு. அது அடங்கும் முன்னே, ஷிஃப்ட் மாறாத நேரத்தில், சுரங்கத்துச் சங்கு ஊதியது.

பகல் ஷிஃப்டில் கீழே இருந்தது அவன் தம்பி. மூன்றாம் நாள்தான் உடலை மேலே கொண்டுவந்தார்கள். நான் சாவுக்குப் போகவில்லை. போர்டில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: பூமி ஆடினாலும் இதே விதி. காரியம் முடிந்து வந்தவன் அதை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனான். பிறகு வரவில்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் சுரேஷ், அந்தக் காலத்து ரெக்கார்டுக்காரர் என்று அவரை அழைத்திருந்தான். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர் பதினொன்று நாற்பதுக்கே வந்துவிட்டார். மேஸ்திரி அப்போதுதான் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். வாங்க, உட்காருங்க என்று எனக்கு மரியாதையெல்லாம் தானாக வந்தது. காசு வேண்டாம், ஒரு ஆட்டம் ஆடுங்கள் என்றேன்.

அவர் மெஷினைத் தொடவில்லை.

"கீழ போய் வாங்கிக்கச் சொன்னீங்களே. இப்ப அங்க பூரா தண்ணி, மொதலாளி."

குரலில் கோபம்கூட இல்லை. திரும்பும்போது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். இருபத்திரண்டு விரிசலில் அவர் கை போய் விழுந்தது ஏழாவதன் மேல். பிடித்தபடி கொஞ்சம் நின்றார். புட்டி ஒட்டிய உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது தட்டு உருளுவதில்லை. சங்கு இல்லை. பகலில் தூங்காமல் ஆட வருகிற நைட் ஷிஃப்ட்காரர்கள் இல்லை. எட்டணாவை எந்தக் கடையிலும் வாங்குவதில்லை. மெஷினை நானே இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சுரேஷ் திட்டினான்.

ஈரச் சுவரில் ஐந்து விரல்களும் அப்படியே பதிந்திருந்தன.

"இன்னா சார், இப்டியே வுட்டுடலாமா?" என்றார் மேஸ்திரி.

மறுபடி பூசச் சொன்னேன். முதலில் பூசியதற்கு இருநூறு, விரல்களை மூடியதற்கு நூற்றைம்பது. ஆக முந்நூற்றைம்பது ரூபாய்.