சீலிங்குக்கு மேல் இருந்த காணி உறுதி

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் குந்தினவன் அப்படியே சரிந்தேன். வலது கை போனது. வாயும் போனது. ஆசுபத்திரியில் பாரிசவாதம் என்றார்கள்.

நான் நிந்தவூர் ஆள். வேளாண்மை செய்கிறவன். மௌத்துக்கு, சாவுக்குப் பயந்த ஆளில்லை. ஆனாலும் கட்டிலில் கிடந்து வியர்த்தது. காரணம் ஒரு காணி உறுதிப் பத்திரம்.

சொறிக்கல்முனை மேரி தங்கச்சியின் வயல் காணியை நான்தான் செய்கிறேன். புருசன் இல்லாத மனுசி, என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பாள். குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது காணி உறுதியை என் கையில் தந்தாள்.

"அண்ணன்மார் கண்டா வித்துப்போடுவாங்க காக்கா. ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்க."

நான் விடவில்லை. பெஞ்சாதிக்கும் சொல்லவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு நாங்கள் முக்கியமான கடதாசியைக் கீழே வைப்பதில்லை. பொலித்தீனில் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, சீலிங்குக்கு மேலே ஏற்றினேன்.

வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. கூரையையும் சீலிங்கையும் கழற்றிப் புதுசாகப் போட மருமகன் ஆள் பிடித்திருந்தார். வியாழக்கிழமை வேலை. பழையதெல்லாம் டிரக்டரில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டுவார்கள். டின்னைப் புதன்கிழமை இறக்குவம் என்று இருந்தேன். செவ்வாய் விழுந்தேன்.

இடது கையால் மேலே காட்டினேன். பெஞ்சாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபேனக் கூட்டவா?"

மறுபடி காட்டினேன்.

"ஓம் ஓம், அல்லாஹ் பாத்துக்குவான். கைய ஆட்டாமக் கிடங்க."

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இடது கையால் என்னத்தை எழுத? உள்ளுக்குள் கேட்டேன். யா அல்லாஹ், கை வேணாம், கால் வேணாம். நாக்கைத் தா. டின் இருக்கிற இடத்தைச் சொல்லிப்போட்டு வாறேன்.

வியாழக்கிழமை நாக்கு வரவில்லை. மழை வந்தது. சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் நான் கண்டிராத மழை. பெஞ்சாதி தேத்தண்ணியோடு வந்து முறைப்பட்டாள்.

"ஓட்டில கை வெக்கல்ல, கொட்டத் தொடங்கிட்டு. வந்த ஆக்கள் திரும்பிப் போயிட்டாங்க. மருமகன் மூஞ்சத் தூக்கிட்டு இருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அரை வாய்ச் சிரிப்பு.

"இவருக்கென்ன, விசரா?"

மூன்று நாள் பெய்தது. ஞாயிறு காலை வாய் திறந்தது. "சீலிங்" என்றேன். "டின்" என்றேன்.

"அஞ்சு நாளைக்குப் பிறகு கதைக்கிறாரு. பெஞ்சாதிட பேரில்ல, சீலிங்காம்!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மருமகன் ஏறி எடுத்தார். உறுதியில் ஒரு துளி ஈரமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்த கிழமையே மகளிடம் ஒரு கொப்பி வாங்கச் சொன்னேன். நான் சொல்ல அவள் எழுதினாள். யார் நம்பித் தந்த பொருள், யாருடைய அமானிதம் என்னிடம் இருக்கிறது. அடையாள அட்டை எங்கே. விட்ட நோன்பு எத்தனை. மௌத்தானால் என்னைக் குளிப்பாட்டுவது யார். நான் சொல்லும் இந்தக் கதையையும் அவள்தான் எழுதுகிறாள்.

மேரி தங்கச்சிக்கு டெலிபோன் கோல் எடுத்து நடந்ததைச் சொல்லி, பெஞ்சாதிக்கும் தெரிந்துவிட்டது என்றேன்.

"அப்ப ஊருக்கே தெரியும் காக்கா" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள், "தெரியட்டும். மழையே காவல் நிண்ட உறுதி, இனி எனக்குப் பயமில்ல."

எனக்கு இன்னும் மண்வெட்டி பிடிக்க ஏலாது. நான் கையைக் கேட்கவில்லை, நாக்கைத்தான் கேட்டேன். குறையில்லை.

சகோதரர்களே, சொல்ல வேண்டியதை இன்றைக்கு அஸர் தொழுகைக்கு முன் வீட்டாருக்குச் சொல்லுங்கள். மௌத்துக் கதை என்னத்துக்கு என்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள். கை விட்டுப் போனதை அல்லாஹ்விடம் கேளுங்கள். தருவான். எனக்கு முதலில் மழையாகத் தந்தான், பிறகு நாக்காகத் தந்தான்.