யாரும் தாண்டாத சுவர்

அந்த மார்கழிக் காலையில் மீட்டர் காட்டிய எண் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டே முக்கால் வோல்ட். பீம் சென்சார் பொருத்துகிறவனுக்கு அதைவிட நிம்மதி தரும் எண் கிடையாது. சுவரின் ஒரு கோடியில் கம்பம் நட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் பெட்டியை மாட்டுவோம். மறுகோடியில் அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி, ரிசீவர். நடுவில் யாராவது சுவரேறினால் ஒளி அறுபடும், சைரன் அலறும். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் எண்பது மீட்டர் தூரத்துக்கு, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை கோணம் பிசகினாலும் அந்தப் பக்கம் ஒளி பெட்டியை விட்டு விலகிப் போய்விடும். சின்னக் கண்ணாடியில் கண் வைத்துக் குறி பார்த்து, திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, எண் இனிமேல் ஏறாது என்கிற இடத்தில் இறுக்க வேண்டும். எனக்கு அது கைவந்த வேலை. அக்காவே ஒப்புக்கொள்வார்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. தொழிலில் என் கூட்டாளி, என்னைவிட இரண்டு வயது பெரியவர். சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு முன்னறைதான் எங்கள் அலுவலகம். இரண்டாயிரத்துக்குப் பிறகு தாம்பரத்தைச் சுற்றிக் கிடங்குகள் முளைத்துக்கொண்டே இருந்த காலம் அது. சைரனும் சென்சாரும் கேட்டுப் பலர் வந்தார்கள். ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்ணை ஜி.எஸ்.டி. சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா யாரையும் பார்க்க மாட்டார்.

முடிச்சூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நீளமான சுவர் சரியாகக் கிழக்கு மேற்காக ஓடியது. ரிசீவரை மேற்குக் கோடியில் கிழக்கைப் பார்த்து நான் மாட்டியிருந்தேன். சைரன் இருந்த அறை அந்தப் பக்கம்தான்.

"வேண்டாம்பா. சூரியன் நேரா அதுக்குள்ள அடிக்கும், நம்ம ஒளி அதுக்குத் தெரியாமப் போயிடும். திருப்பிப் போடு. இந்தப் பக்கம் ஷெட் உயரமா இருக்கு, சாயங்கால வெயில மறைச்சிடும்" என்றார் அக்கா.

திருப்பிப் போடுவது என்றால் பாதி நாள் வேலை. ஒளி அனுப்பும் பெட்டிக்கு மின்சாரம் மட்டும் போதும், இரண்டு ஒயர். ரிசீவருக்கு, சைரனுக்குச் செய்தி சொல்ல, இன்னும் இரண்டு வேண்டும். கிழக்குக் கோடிவரை நான் இரண்டு ஒயர்தான் இழுத்திருந்தேன். மண்ணில் புதைத்த குழாயை மறுபடி தோண்ட வேண்டும். "பாருங்க அக்கா, சூரியன் எங்க இருக்கு, பீம் எங்க இருக்கு" என்று கையை நீட்டினேன். மார்கழிச் சூரியன் தெற்கே தள்ளித்தான் எழும்பிக்கொண்டிருந்தது. மீட்டரைக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடியைப் போட்டுத் திருகச் சொன்னார்.

பங்குனியில் சூரியன் நேர் கிழக்குக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

பங்குனி பிறந்த ஒரு வாரத்தில், தொடர்ந்து இரண்டு நாள், காலை ஆறேகாலுக்குக் கிடங்கில் சைரன் அடித்திருக்கிறது. ஆட்கள் ஓடிப் பார்த்தால் யாருமில்லை. எவனோ வேவு பார்க்கிறான் என்று முடிவு கட்டி, மூன்றாம் நாள் நாலைந்து பேர் கம்பியோடு காத்திருந்தார்கள். அன்று காலையில் வந்து பார்ப்பதாக அக்கா முதலாளியிடம் போனில் சொல்லியிருந்தார். எங்கள் வண்டி அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே சைரன் கேட்டது.

கேட்டுக்குள் போனோம். ரிசீவர் கம்பத்தடியில் ஒரு மனிதரைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். சுவருக்கு வெளியே இருக்கும் சந்து வழியாக நடந்துபோனவரை இழுத்து வந்திருக்கிறார்கள். அவருடைய பையைக் கொட்டியிருந்தார்கள். கரண்டி, உளி, சுத்தியல், தூக்குக்குண்டு, ஒரு டிபன் பாக்ஸ். கொத்தனார் என்று எனக்கு உடனே புரிந்தது.

"பையில இன்னாடா இது? உளி இன்னாத்துக்குடா உனுக்கு?" என்று கேட்டபடி ஒருவன் இரும்புப் பட்டையால் அவர் முழங்காலில் அடித்தான். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. சைரன் அத்தனை சத்தத்தையும் விழுங்கியது. இன்னொருவன் அவர் தலைமயிரைப் பிடித்துக் கம்பத்தில் மோதினான். கம்பம் அதிர்ந்தது. நான் மட்டம் பார்த்து நட்ட கம்பம் அது.

அக்கா உள்ளே பாய்ந்தார். ஒருவன் அவர் பின்னலைப் பிடித்துச் சுழற்றி எறிந்தான். முழங்கை சிராய்ந்து ரத்தம் வழிய எழுந்து வந்து, ரிசீவரின் மூடியைப் பிடுங்கினார். உள்ளே, ஒளி அறுபட்டால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரே சுவருக்கு மேல், கிழக்குக் கம்பத்தின் உச்சியிலேயே உட்கார்ந்ததுபோல, சூரியன். அந்த மூடியை ரிசீவருக்கு மேலே நெற்றியில் கை வைப்பதுபோல நீட்டிப் பிடித்தார். விளக்கு அணைந்தது. எடுத்தார். எரிந்தது. ஒருமுறை பிடித்தால் சில நிமிடம் ஓயாத சைரன் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது.

"சார், இங்க பாருங்க! யாரும் தாண்டல சார்! வெயிலு! வெயிலுதான்!"

முதலாளி பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி அறை வாசலில் நின்றிருந்தவர், பட்டையோடு நின்றவனைக் கையைக் காட்டி நிறுத்தினார். அடித்தவர்களும் மூச்சு வாங்க நின்றார்கள். முதலாளி என் பக்கம் திரும்பி, சைரனுக்கு மேலே கத்தினார்.

"இன்னா தம்பி, அந்தம்மா சொல்றது நெசமா?"

நிஜம் என்ற ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு. வேலை தவறிப்போன இடத்தில் எல்லாம் நாங்கள் சொல்லிப் பழகிய வார்த்தை.

"செக் பண்ணனும் சார்."

முதலாளியின் கை இறங்கியது. உடனே பட்டையும் இறங்கியது. அந்த அடி கொத்தனாரின் இடது காதில் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. அவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அந்தக் கையையும் மிதித்தார்கள்.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, சிதறிக் கிடந்த பொருள்களில் கொத்தனாரின் சுத்தியலை எடுத்தார். அவர்களை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஏணியை அறைச் சுவரில் சாத்தி ஏறி, சைரனை ஓங்கி ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் பெட்டி உடைந்தது. ஒயரைப் பற்றி இழுத்து அறுத்தார்.

சட்டென்று எல்லாம் அடங்கியது. அப்போதுதான் அந்த மனிதரின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "வேலைக்குப் போறங்கய்யா. வேலைக்குப் போறங்கய்யா." இதைத்தான் அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அக்காதான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார். மதியம் போலீஸ் ஸ்டேஷனில் முதலாளியின் ஆட்கள், சுவரேறியவனைத்தான் பிடித்தோம் என்று எழுதிக் கொடுக்க வந்திருந்தார்கள். அக்கா எதையும் பூசி மெழுகவில்லை. "ரிசீவரத் தப்பான பக்கம் வச்சது இவரு. வேண்டாம்னு சொல்லிட்டு அப்படியே விட்டது நான்" என்றார். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி அதே வார்த்தை நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்றேன். சூரியன் எந்தக் கோணத்தில் விழுந்தது, சென்சார் ஏன் ஏமாந்தது, எல்லாவற்றையும் வரைந்தே காட்டினேன். திருட்டுப் புகார் அத்தோடு போயிற்று. அடித்தவர்கள்மேல் வழக்குப் பதிந்தார்கள்.

மூன்றாம் நாள் கொத்தனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற ஒரு தெம்பு எனக்குள் இருந்தது. கட்டுப் போட்ட தலையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காது இனிக் கேட்காது என்று சொல்லியிருந்தார்கள். நான் யார் என்று அக்கா சொன்னதும், வலது பக்கம் வரச் சொல்லிக் கையசைத்தார்.

"தம்பி, நான் அந்தச் சுவத்தத் தொடக்கூட இல்ல. உங்க பெட்டிக்கு அது தெரியுந்தானே?"

"பெட்டிக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. எனக்குத்தான் தெரியும். அன்னிக்கே தெரியும்."

அவர் கோபப்படவில்லை. நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே?"

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். வெளியே வந்து நான் வண்டியை எடுத்தபோது, அக்கா பஸ்ஸில் போவதாகச் சொல்லி நடந்தார். அடுத்த வாரம் என் மீட்டரையும் திருப்புளிகளையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கொத்தனார் வேலைக்குத் திரும்பிய பிறகும் அக்கா அவர் வீட்டுக்குப் போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டு முறை அந்தத் தெருமுனைவரை போய்த் திரும்பினேன். அவர் கேட்டதற்குப் பதில் வேண்டுமே. இன்றுவரை என்னிடம் இல்லை.