சுசீலா அக்கா சேர்த்த மூன்றாவது பதில்

வெள்ளக்கடையில் இருக்கும் சுசீலா அக்கா வீட்டிலிருந்து தொலைபேசி வந்தபோது ஆபீசுக்குள் பனி ஏறியிருந்தது. எதிரே அவருடைய நாற்காலி சரியாகத் தெரியவில்லை. வழக்கம்போல, "அக்கா, உங்க ஊட்டுலிருந்து போனுங்க" என்றேன். பிறகுதான் மறுமுனையில் அழுகை கேட்டது. மாரடைப்பு. விடியற்காலையிலேயே சுசீலா அக்கா போய்விட்டார்.

வாழவந்திப் பக்கத்து காப்பி எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் ரைட்டர்கள், ஆட்கள் கணக்கு எழுதுகிறவர்கள். கம்ப்யூட்டர் வந்த ஆண்டு, சொல்லித்தர ஆளில்லாமல் ஒரே கையேட்டை மாற்றி மாற்றிப் படித்தோம். எஸ்டேட் ஆட்களின் பட்டியலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை சொல்ல வேண்டும்: எண்ணா, எழுத்தா, தேதியா, ஆம்-இல்லையா. வீட்டு எண்ணுக்கு 'எண்' என்று கொடுத்தேன். '7ஏ' உள்ளே போகவே இல்லை.

"எண்ணுன்னு பேரு வெச்சா எண்ணாயிருமுங்களா? ஊட்டக் கூட்டிக் கழிக்கவா போறோம்? எழுத்துன்னு மாத்துங்க" என்று சிரித்தார்.

'உயிருடன் உள்ளாரா' என்பது ஆம்-இல்லை வகை. முதல் அச்சில், நாங்கள் போடாத 'இல்லை' இரண்டு பேருக்கு வந்தது. ஒருவர் சுசீலா அக்காவேதான். தன் கட்டத்தை நிரப்ப மறந்திருக்கிறார். காலியாக விட்டதைக் கம்ப்யூட்டர் பெட்டி 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது.

"ஏனுங்க, எனக்கு நெழலு உழுகுதான்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். பனிநாளில் யாருக்கு நிழல் விழும்?

இன்னொருவர் ராசம்மாவின் கணவர். சேர்வராயன் கோயிலுக்குப் போன வழியில் பனிக்குள் காணாமல் போய் மூன்று வருடம்; என்ன போடுவதென்று தெரியாமல் அவர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். எஸ்டேட் கொடுத்த வீடு அவர் பேரில். 'இல்லை' என்று மேலாளர் பார்த்தால் ராசம்மா வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

"ஆமுன்னே போட்டுருங்கக்கா" என்றேன்.

"பாக்காததை எப்பிடிங்க போடறது? இல்லைங்கறதையும் பாக்கலியே."

அந்தக் கட்டத்தின் வகையையே எழுத்தாக மாற்றி, 'தெரியாது' என்று அடித்தார். மேலாளர் கோபமாகக் கேட்டபோதும் அசையவில்லை. "பொட்டிக்கு ரெண்டே பதிலுங்க. மலைக்கு மூணு இருக்குதுங்களே." ராசம்மாவுக்கு வீடு நிலைத்தது. அந்தத் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை, அக்காவின் கட்டத்தில் 'இல்லை' அடிக்க உட்கார்ந்தேன். சிதைக்குத் தீ வைத்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். வாசலில் ராசம்மா வந்து நின்றார்.

"ரைட்டரய்யா, அவிங்களுக்கும் தெரியாதுன்னே போடுங்க. இப்பத்தான் பனிக்குள்ள இந்தப் பக்கமா வந்தாங்க. கூட எங்கூட்டுக்காரரும் இருந்தாருங்க."

எதிர் நாற்காலியைப் பார்த்தேன். பனி. 'தெரியாது' என்று அடித்தேன்.

போய் வாருங்கள், அக்கா.