சிவமலர் ஆன்ட்டி காரில் ஏற்றிப்போன இருவர்

சிவமலர் ஆன்ட்டி இறந்துவிட்டார். இன்று காலை, எடிசனில், தூக்கத்திலேயே. அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்...

பழைய நியூ ஜெர்சி ஆட்களுக்கு அவரைத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். ஜாம்பியாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு இங்கே வந்தவர். சனிக்கிழமைகளில் நம் அபார்ட்மென்ட் கதவுகளைத் தட்டி, பெண்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்டுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். ஃப்ரீவேயில் அவர் ஊர்ந்து போகிற வேகத்துக்கு எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். மனுஷி கண்டுகொள்ள மாட்டார்.

நான் 1999-இல் கல்யாணமாகி எடிசன் வந்தேன். என் கணவருக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி வசந்தி வயிற்றில் கட்டி வந்து சென்னையில் இறந்துபோனதாகச் சொல்லித்தான் பெண் கேட்டார்கள்.

வந்த மாதமே ஆன்ட்டி கதவைத் தட்டினார். டெஸ்ட் என்றதும் எனக்குச் சுருக்கென்றது... புதிதாகக் கல்யாணமானவளிடம் பேசுகிற பேச்சா இது? அதெல்லாம் நடத்தை சரியில்லாதவர்களுக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பிறகு பார்க்கலாம் என்று மழுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்றார்.

"ஜாம்பியாவில பொம்பிளையள் மைல் கணக்கா நடந்து வருவினம் பிள்ளை. வந்து சேரேக்கை பிந்திப்போயிடும். உம்மட வாசல்ல என்ரை கார் நிக்குது."

போனேன். அந்த வருடம் ஒன்றுமில்லை.

மறு வருடமும் விடாமல் இழுத்துக்கொண்டு போனார். ரிப்போர்ட் சரியில்லை. எச்பிவி என்று ஒரு வைரஸ், உடலுறவில் தொற்றுவது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது, வருடக்கணக்கில் உடம்பில் சும்மா இருக்கும் என்றார் டாக்டர். புற்றுநோயாக மாறும் முன்பே அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். சின்ன வேலைதான்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றோம். பார்த்தால் ஆன்ட்டி அழுதுகொண்டிருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டதே ஆன்ட்டி, என்றேன்.

"வசந்தியையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். அவவின்ரை ரிப்போர்ட் இதைவிட மோசம். ரெண்டாம் தரம் கூப்பிட வந்தால் வீடு பூட்டிக் கிடக்குது. ஊருக்கு அனுப்பிப்போட்டினம் பிள்ளை."

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. இந்த வைரஸ் உனக்கு எங்கிருந்து வந்தது என்று வசந்தியிடம் கேட்டாராம். அவள் அழுதாளாம். சென்னைக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவள் வெட்கப்பட்டு யாரிடமும் வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்றும் செய்வதற்கில்லை...

உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற அதே கேள்வியை அவரிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை. நான் கேட்டேன்.

இப்போது நாங்கள் சேர்ந்து இல்லை. உறவுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ண வேண்டாம்.

ஆன்ட்டி அதற்குப் பிறகு வசந்தியைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை கதவு தட்டுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

போய் வாருங்கள் ஆன்ட்டி. அங்கே வசந்தியைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.