இரண்டரை அங்குலத் திருகாணி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. நம்பாதவர்கள் காவல் நிலையத்தில் அந்த ஆறு திருகாணிகளையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் தச்சன். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. தனி வீடு. வீட்டுக்காரரின் சட்டையில் சலவை மடிப்புகூடக் கலையவில்லை. படுக்கையறைக் கதவுக்கு வெளிப்பக்கம் பெரிய தாழ்ப்பாள் வேண்டும் என்றார். பழையது பிய்ந்த இடத்தில் மரம் சிலாம்பு சிலாம்பாக நின்றது.

“எதுக்கு சார் வெளிப்பக்கம்?”

“நாய்க்கு.”

“நாய்க்கு இவ்ளோ பெரிய தாழ்ப்பாளா? யானையே வளர்க்கலாம் சார்!”

அவர் சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் வருது.”

அறையைப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. விளக்கின் சுவிட்ச் அறைக்கு வெளியே. கதவின் உட்பக்கம் கீறல்கள்... நாயின் உயரத்தில் இல்லை. என் தோள் உயரத்தில்.

எனக்கு ஒரு பழக்கம். முதலில் முக்கால் அங்குலத் திருகாணி போடுவேன். நானே உள்ளே போய், வெளியே தாழிடச் சொல்லி, கதவைத் தள்ளிப் பார்ப்பேன். சரியாக உட்கார்ந்திருந்தால்தான் நிலைச்சட்டத்தில் இரண்டரை அங்குலம் முடுக்குவேன். அன்றும் உள்ளே போனேன்.

3.16. தாழ்ப்பாள் விழுந்தது. க்ளக்.

விளக்கும் அணைந்தது. டக்.

“சார், லைட்டு...”

என் மூச்சு மட்டும். பிறகு... இன்னொரு மூச்சு. என் முதுகுக்குப் பின்னால்.

“கத்தாதீங்க அண்ணே. கத்தினா இன்னும் லேட்டாத்தான் திறப்பாரு.”

பெண் குரல். பழகிப்போன குரல்.

“பெரிய திருகாணி போடாதீங்க. வர்றவ தள்ளினா... திறக்கணும்.”

3.22. கதவு திறந்தது. திரும்பினேன். காலி அறை.

வீட்டுக்காரர் கேட்டார். “என்ன சொன்னா?”

“யா... யாரு சார்?”

“பெரிசையே போடுங்க.”

போட்டேன்.

ஆறும். என் கையால்.

ஏழு மாதம் கழித்துக் காவலர் ஒருவர் வந்து கூட்டிப் போனார். அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றித் தர வேண்டும். அறையில் இறந்து கிடந்தவள், நான் வேலை முடித்த மறுவாரம் கல்யாணமாகி வந்தவளாம். வீட்டுக்காரரை இன்னும் தேடுகிறார்கள்.

“முதல் சம்சாரமும் இதே ரூம்லதான் செத்துச்சு. நீங்க வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி,” என்றார் காவலர். “ஒரு தடவை கதவைப் பிச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் ஓடியிருக்கு. பாவம், புருஷன்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாராம்.”

கதவின் உட்பக்கம், தோள் உயரத்தில், புதிதாக ஒரு பள்ளம். தள்ளித் தள்ளி விழுந்த பள்ளம்.

என் திருகாணி ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை.

கடைசியைக் கழற்றும்போது மணி 4.05. காவலர் வாசலில். அறையில் யாரும் இல்லை...

“அக்கா அப்பவே சொன்னாங்களே அண்ணே...”

இது வேறு குரல்.