ஐந்தாம் நம்பர் ராடு, எட்டாம் நம்பர் லைன்

இன்று குரங்கணிக்கு மேலே எஸ்டேட் ஓடையில் மீன்பிடிக்க வந்த விருந்தாளிக்கு வழிகாட்டப் போனேன்.

அவருடைய தூண்டில் கம்பான ராடில் ஐந்து என்றும், அதில் மாட்டியிருந்த கயிறான லைனில் எட்டு என்றும் எழுதியிருந்தது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

"சார், லைன் கனம் கூடிப்போச்சு. வீச்சு கையில நிக்காது."

"இருபது வருஷமா வீசுறேன்மா" என்றார்.

விருந்தாளியாயிற்றே என்று தடுக்காமல் விலகி நின்றேன்.

பின்னால் பாதையில் ஏலக்காய் எடுக்கும் அக்கா வந்தார். நான் கத்துவதற்குள், சார் பின்னால் ஓங்கிய லைனின் தூண்டில் முள் அவர் தலைத்துண்டில் மாட்டியது. கண்ணுக்கு ஒரு விரல்கடைதான் தள்ளி!

ஓடிப்போய் முள்ளைக் கழற்றினேன்.

அக்கா கேட்டார்: "ஏன் சார், மீனு அங்கிட்டுல்ல கெடக்கு?"

சார் முகம் வெளுத்துவிட்டது. என் ஐந்தாம் நம்பர் லைனை மாட்டினேன். பின்னால் ஓங்கி வீசாமல் லைனைத் தண்ணீர்மேலேயே உருட்டிவிடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் செய்தார்.

விருந்தாளியை முதலிலேயே தடுக்கிற தைரியம் வழிகாட்டிகளான உங்களுக்கெல்லாம் எப்படி வருகிறது?